பழைய பெக்கோவும் டோசரும் சார்ஜ் ஆகாதபோது: கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் முறை

மலையகத்தின் தோட்டப் பாதைகளிலும் வீதி அகலிப்பு வேலைத்தளங்களிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பெக்கோ, டோசர், ரோலர், உழவு இயந்திரம் ஆகியவற்றில் கணிசமானவை பல கைகள் மாறி வந்த பழைய இயந்திரங்கள். அவற்றின் என்ஜினும் ஹைட்ரோலிக்கும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கக்கூடும். முதலில் தளர்ந்துபோவது மின்சாரப் பக்கம்தான். காலையில் சாவியைத் திருப்பும்போது என்ஜினைச் சுற்றிவிடும் செல்ப் மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு நின்றுவிட்டால், உடனே, என்ஜின் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவது பலருடைய வழக்கமாக இருக்கிறது. இரண்டு மூன்று போல்ட்டுகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும் பாகம் அது என்பதைத் தவிர, அதன்மேல் முதலில் சந்தேகம் கொள்வதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருப்பதில்லை. பழைய இயந்திரங்களில் சார்ஜ் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும் பகுதி பெட்டரி முனைகளிலும், பெட்டரியை இயந்திரத்தின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிளிலும், பெல்ட்டிலும், டேஷ்போர்டில் உள்ள ஒரு சிறிய பல்பிலும்தான் இருக்கிறது. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வற்புறுத்தப்போகும் விடயம்.

இது செலவு பற்றிய அக்கறை மட்டுமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளை மண்சரிவால் துண்டித்தபோது, ஒரு கிராமத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் நின்றது பல இடங்களில் மண்மேடு ஒன்றுதான். அப்படிப்பட்ட வேளையில் பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும் பெக்கோ ஸ்டார்ட் ஆகுமா இல்லையா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

குளிரும் மூடுபனியும் செய்யும் வேலை

கொழும்பில் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்திருக்கக்கூடிய ஒரு சிறிய சார்ஜ் குறைபாடு, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஒரே வாரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடும். குளிரில் பெட்டரியின் வலு குறைகிறது. என்ஜின் ஒயில் தடிப்பதால் செல்ப் மோட்டார் இழுக்க வேண்டிய சுமை கூடுகிறது. ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினாக இருந்தால் அதுவும் தன் பங்குக்கு மின்சாரத்தைக் குடிக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி விழும் விடியற்காலைகளில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன.

அதைவிடக் கவனிக்க வேண்டியது மூடுபனியில் நடக்கும் பகல் வேலை. 55 வாட் ஹெட்லைட் இரண்டும் அதே அளவான வேலை விளக்குகள் இரண்டும் எரிந்தால் மொத்தம் 220 வாட். 12 வோல்ட் இயந்திரத்தில் அது ஏறத்தாழ 18 அம்பியர். வைப்பருக்கு இன்னும் நாலைந்து அம்பியர் வேண்டும். பழைய மெஸி பெர்குசன் உழவு இயந்திரங்களில் காணப்படும் லூகாஸ் சி40 டைனமோவின் (ஒல்டர்னேட்டர் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்த பாகம்) உச்ச அளவே 22 அம்பியர்தான், அதுவும் என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டும். என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, விளக்குகளையும் வைப்பரையும் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நின்றால், எந்தப் பாகமும் கெடாமலேயே பெட்டரி இறங்கிவிடும். எனவே சோதனையைத் தொடங்குவதற்கு முன் ஒப்பரேட்டரிடம், இயந்திரம் எப்படி ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஐட்லிங்கில் நிற்கிறது, புதிதாக ஏதாவது விளக்கோ ரேடியோவோ பூட்டப்பட்டதா என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். பாதி நோயறிதல் அந்தப் பேச்சிலேயே முடிந்துவிடுவதுண்டு.

தொடங்குவதற்கு முன்

தேவையானவை அதிகம் இல்லை: நம்பகமான டிஜிட்டல் மல்டி மீட்டர், 12 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துச் செய்த சோதனை விளக்கு, பெட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், கம்பித் தூரிகை, உப்புத்தாள். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு மின்சாரம் மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இங்கே பயன்படாது.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டையும் பிளேடையும் தரையில் இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே கீழே குனிய வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜ் ஏறும் பெட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அருகில் சிகரெட்டோ தீப்பொறியோ கூடாது. பெட்டரியைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். ஒல்டர்னேட்டர் உள்ள இயந்திரத்தில், என்ஜின் ஓடும்போது பெட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து கைவிட வேண்டும். டைனமோக் காலத்தில் அது பெரிய தீங்கு செய்யாமல் இருந்திருக்கலாம். ஒல்டர்னேட்டரில் அந்தக் கணத்தில் எழும் உயர் வோல்ட், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டுகளையும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும்.

பிறகு, கையில் இருக்கும் இயந்திரம் எந்த வகை என்று உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலான பழைய பெக்கோக்களும் உழவு இயந்திரங்களும் 12 வோல்ட். பெரிய எக்ஸ்கவேட்டர்களும் டோசர்களும் இரண்டு பெட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட். மிகப் பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்களில் பிளஸ் முனை எர்த் ஆக இருக்கக்கூடும். நிறத்தை நம்பாமல், பெட்டரியின் எந்த முனையிலிருந்து கேபிள் சேஸிக்குப் போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

பெட்டரியிலிருந்து

பெட்டரியே சரியில்லாதபோது அதற்குப் பின்னால் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. இயந்திரம் இரவு முழுவதும் நின்ற பின், காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் அளப்பது சிறந்தது. 12 வோல்ட் பெட்டரி முழுமையாக ஏறியிருந்தால் 12.6 முதல் 12.7 வரை காட்டும்; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9க்குக் கீழே என்றால் காலி. மூடி திறக்கக்கூடிய பெட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரே இன்னும் நேர்மையான சாட்சி. நல்ல நிலையில் ஒவ்வொரு அறையும் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். இந்த அளவு 27 பாகை செல்சியஸுக்கு உரியது. குளிர் கூடக்கூட, ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ 0.007ஐக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதால், தலவாக்கலைக் குளிரில் 1.250 காட்டும் பெட்டரி உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஏறியிருக்கிறது. ஐந்து அறைகள் ஒத்துப்போய் ஒன்று மட்டும் 0.050 அளவில் பின்தங்கினால், அந்த அறை போய்விட்டது. எந்த ஒல்டர்னேட்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில் வோட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்திருக்கும் கனிமங்கள் தகடுகளைக் கெடுத்துவிடும்.

அடுத்து, ஒருவர் செல்ப் அடிக்கும்போது மற்றவர் மீட்டரைப் பெட்டரி முனைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றிய பெட்டரி அந்நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பெட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது செல்ப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 24 வோல்ட் இயந்திரத்தில் இரண்டு பெட்டரிகளையும் தனித்தனியே அளப்பது கட்டாயம். 12 வோல்ட் ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்திருந்தால், அந்தப் பெட்டரி எப்போதும் பட்டினியாகவும் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகியும் கிடக்கும். இரண்டும் வெவ்வேறு விதமாகச் சாகும். பழையதும் புதியதுமாக ஜோடி சேர்ப்பதும் இதே முடிவைத்தான் தரும்.

என்ஜினை ஓடவிட்டு

பெட்டரி சரி என்றால், பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இரு புள்ளிகளுக்கு நடுவில் 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை உள்வாங்குவது சாதாரண இயந்திரங்களுக்குப் போதுமானது. என்ஜின் நின்றிருக்கும்போது ஒல்டர்னேட்டர் விசிறியைக் கையால் சுற்ற முடிகிறது என்றால் பெல்ட் தளர்வு. பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினாலோ, புல்லியின் அடிப்பள்ளம் பளபளத்தாலோ, பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், பேரிங்தான் வீணாகும்.

இப்போது என்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில் ஓடவிட்டுப் பெட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12 வோல்ட் இயந்திரத்தில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ட்டில் 27.6 முதல் 28.8 வரையும் வந்தால் சார்ஜ் நடக்கிறது. எல்லா விளக்குகளையும் வைப்பரையும் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே இறங்காவிட்டால் ஒல்டர்னேட்டரைக் குறை சொல்ல இடமில்லை. தொடர்ந்து 15 வோல்ட்டுக்கு மேல் நின்றால் அது மறுபக்கத்துக் கோளாறு: ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, அல்லது பெட்டரி வோல்ட்டை அதற்கு அறிவிக்கும் வயர் அறுந்திருக்கிறது. பெட்டரியில் தண்ணீர் அடிக்கடி குறைவதும், புளித்த கந்தக வாடையும், பல்புகள் மாற்ற மாற்ற எரிந்துபோவதும் இதன் அடையாளங்கள்.

பெட்டரியில் வோல்ட் ஏறவில்லை என்றால்தான் பலர் ஒல்டர்னேட்டரைக் கழற்றுகிறார்கள். அந்த இடத்தில் இன்னும் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள அளவுகள் அவைதான். என்ஜின் அதே வேகத்தில் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஒல்டர்னேட்டரின் தடித்த வெளியீட்டு ஸ்டட்டிலும் மறு முனையைப் பெட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் வைக்க வேண்டும். கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின்மேல் வைக்காமல் ஈயக் குமிழின்மேலேயே வைப்பது முக்கியம், ஏனெனில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அழுக்கையும் சேர்த்தே அளக்க விரும்புகிறோம். 0.3 வோல்ட் வரை பொறுக்கலாம், 0.5ஐத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. பிறகு ஒல்டர்னேட்டரின் உடலுக்கும் பெட்டரியின் மைனஸ் குமிழுக்கும் இடையில் இதே போல் அளக்க வேண்டும், இங்கே 0.2க்கு மேல் வரக்கூடாது.

நானுஓயாப் பக்கத்தில் வேலை செய்த ஒரு பெக்கோவின் ஒல்டர்னேட்டர் இரண்டு முறை கராஜுக்குப் போய்த் திரும்பியும் பெட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.3 வோல்ட், பெட்டரியில் 12.6 மட்டும். காணாமற்போன 1.7 வோல்ட்டில் பிளஸ் பக்கத்தில் 0.2தான் இருந்தது; மிகுதி 1.5 வோல்ட்டும் எர்த் பக்கத்தில். பெட்டரிப் பெட்டிக்கு அடியில் எர்த் கேபிளின் நுனி வளையமான லக் சேஸியில் பூட்டியிருந்த இடத்தில், கிரீஸும் செம்மண்ணும் காய்ந்து தடித்த படலமாகப் படிந்திருந்தன. போல்ட் இறுக்கமாகவே இருந்தது. அதைக் கழற்றி லக்கைப் புரட்டியபோது, எப்போதோ இயந்திரத்துக்குப் பூசிய மஞ்சள் பெயின்ட் அரைவட்டமாக லக்கின் அடியில் ஒட்டியிருந்தது. மற்றப் பாதியில் கபிலத் துரு. உலோகமும் உலோகமும் உண்மையில் தொட்டுக்கொண்டிருந்த இடம் ஒரு நக அளவுகூட இல்லை. இரண்டு முகங்களையும் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, அதன் மேல் வாஸ்லைன் பூசிய பிறகு அதே ஒல்டர்னேட்டர் பெட்டரிக்கு 14.1 வோல்ட் கொடுத்தது.

என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் என்ஜினுக்கும் சேஸிக்கும் இடையே தனியான எர்த் கேபிள் ஒன்று வேண்டும். கிளட்ச் அல்லது கியர்பெட்டி வேலைக்குப் பிறகு அதைத் திரும்பப் பூட்ட மறப்பது மிகச் சாதாரணம். அப்போது மின்சாரம் எக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிப் போகும். செல்ப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சூடானால் வேறு சாட்சி தேவையில்லை. கேபிளின் உள்ளே பார்ப்பதும் அவசியம். தென்மேல் பருவமழை மாதங்கள் முழுவதும் நனைந்துகொண்டே இருக்கும் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்து இயந்திரங்களில், லக்கிலிருந்து ஓரங்குலம் ரப்பரைச் சீவினால் செம்புக் கம்பிகள் கறுத்துப் பச்சைத் தூளாக உதிர்வதைக் காணலாம். வெளியே கேபிள் புதிதுபோல் இருக்கும்.

சார்ஜ் விளக்கு சொல்வது

டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கை வெறும் அறிவிப்பு விளக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான பழைய ஒல்டர்னேட்டர்களில், உள்ளே சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கும் முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோனால் ஒல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே இருக்கலாம், அல்லது ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்த பிறகுதான் சார்ஜ் தொடங்கும். அந்தச் சிறு பல்பை எல்இடியாக மாற்றினாலும் இதே கோளாறு வரும், ஏனெனில் எல்இடி வழியாகப் போகும் மின்சாரம் போதாது; 12 வோல்ட் இயந்திரத்தில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதற்குப் பக்கவாட்டாக இணைத்தால் தீர்ந்துவிடும்.

சாவியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்க்கும்போது விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், ஒல்டர்னேட்டரின் டி பிளஸ் (D+) முனையில் உள்ள மெல்லிய வயரைக் கழற்றி எர்த்தில் தொட வேண்டும். இப்போது விளக்கு எரிந்தால் பல்பும் வயரும் நல்லவை. கோளாறு ஒல்டர்னேட்டருக்குள், பெரும்பாலும் ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்ததில். அப்போதும் எரியாவிட்டால் பல்பு, பியூஸ், வயர் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஒல்டர்னேட்டரைத் தொட வேண்டாம். விளக்கு எரிகிறது என்றால், என்ஜின் நின்ற நிலையிலேயே ஓர் இரும்புத் திருப்புளியின் நுனியை ஒல்டர்னேட்டரின் பின்பக்கப் பேரிங் அருகே கொண்டுபோய்ப் பார்க்கலாம். ரோட்டர் காந்தமாகியிருந்தால் நுனி இழுபடுவது கையில் தெரியும்.

என்ஜின் ஓடும்போது விளக்கு மங்கலாகக் கனன்றுகொண்டே இருந்தால் டயோட் ஒன்று போயிருக்கலாம், அல்லது சாவிப் பக்கத்து வயரிங்கில் வோல்ட் இழப்பு இருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் விளக்கு கனன்றால், டயோட் வழியாகப் பெட்டரி பின்னோக்கி ஒழுகுகிறது. டயோட் சந்தேகம் இருந்தால், என்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்துப் பெட்டரியில் அளக்கலாம், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தச் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

இத்தனையும் சரியாக இருந்து, ஸ்டட்டில் வோல்ட் வரவில்லை என்றால் மட்டும் பெட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டு ஒல்டர்னேட்டரை இறக்கலாம். முதலில் பிரஷ், அது ஹோல்டரிலிருந்து 5 மில்லிமீற்றரே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டிய கட்டம். ரோட்டரின் இரண்டு வளையங்களுக்கு இடையே 12 வோல்ட் வகையில் ஏறத்தாழ 2.5 முதல் 5 ஓம் வரை இருக்கும். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு டயோட்டும் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விட வேண்டும்.

கொழும்பின் பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் ஜப்பானிய ரீகண்டிஷன் ஒல்டர்னேட்டரைப் பழைய பிரித்தானிய இயந்திரத்தில் பூட்டுவது இங்கே வழமை; அதில் தவறில்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குச் சாவி வழியாக வரும் தனி மின்சாரம் ஐஜி (IG) முனைக்கும், சார்ஜ் விளக்கு எல் (L) முனைக்கும் வேண்டும். பழைய ஒரே வயரை எல் முனையில் மட்டும் கொடுத்துவிட்டு, ஒல்டர்னேட்டர் கெட்டது என்று திருப்பி அனுப்பப்படுவது அநியாயம். புல்லியின் விட்டமும் பெல்ட்டின் அகலமும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

டைனமோ உள்ள இயந்திரங்களுக்குச் சோதனை வேறு. டி (D), எஃப் (F) என்ற இரண்டு வயர்களையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாக இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டரை வைத்து, என்ஜின் வேகத்தை மெல்ல 1,000 சுற்று வரை கூட்ட வேண்டும். வோல்ட் தடையின்றி ஏற வேண்டும்; 20ஐத் தாண்ட விடக் கூடாது. நன்றாக ஏறினால் டைனமோ நல்லது, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட் அவுட் பெட்டியைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட் அளவிலேயே நின்றால் பீல்ட் கோயிலையும், நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மச்சரையும், எதுவுமே வராவிட்டால் பிரஷ்களையும் சந்தேகிக்கலாம். கழற்றிப் பூட்டிய டைனமோவுக்கு, வயர்களை இணைப்பதற்கு முன், பெட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் அதன் காந்தம் சரியான திசையில் அமையும்.

சார்ஜ் எல்லாம் ஒழுங்காக இருந்தும் இரவில் மட்டும் பெட்டரி இறங்கினால், எர்த் கேபிளைக் கழற்றி அதற்கும் குமிழுக்கும் இடையில் மீட்டரை அம்பியர் அளவில் தொடராக வைத்துப் பார்க்க வேண்டும். அந்நேரத்தில் செல்ப் அடித்தால் மீட்டர் எரிந்துவிடும். கணினி எதுவும் இல்லாத பழைய இயந்திரத்தில் ஏறத்தாழப் பூச்சியம் வர வேண்டும். அதைவிடக் கூடுதலாக வந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது அளவு விழுகிறது என்று காணலாம். எந்தப் பியூஸுக்கும் விழாவிட்டால் ஒல்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்டரியின் மேல்மூடியில் ஈரச் சேறும் அமிலமும் படிந்திருந்தாலும் மின்சாரம் ஒழுகும். சோடாத்தூள் கரைத்த தண்ணீரால், மூடித் துவாரங்களுக்குள் போகாமல் துடைத்தால் போதும்.

வேலைத்தளத்தில் சார்ஜ் நின்றுபோய், உதவி வர நேரமாகும் என்றால், என்ஜின் எப்படி நிறுத்தப்படுகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கையால் இழுக்கும் ஸ்டொப் கேபிள் உள்ள பழைய டீசல் என்ஜின், ஓடத் தொடங்கிய பின் மின்சாரமே இல்லாமலும் ஓடும்; விளக்கு தேவைப்படாத பகல் வேளையில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். டீசல் பம்பில் எரிபொருளைத் திறந்து மூடும் மின்சார சொலனொயிட் உள்ள என்ஜின், பெட்டரி இறங்கியவுடன் தானே நின்றுவிடும் என்பதால், விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் அணைத்து, சரிவிலும் வளைவிலும் இல்லாத இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். உழவு இயந்திரத்தைப் போல் பெக்கோவை உருட்டி ஸ்டார்ட் செய்யலாம் என்று நம்பக் கூடாது. என்ஜின் விசையை ஒயில் வழியாகக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டர் உள்ள இயந்திரத்தில் சக்கரம் சுற்றினாலும் என்ஜின் சுற்றாது. ஆகவே மாற்றுப் பெட்டரி கைக்கு வந்து சேரும் வரை அந்த என்ஜினை நிறுத்தாமல் வைத்திருப்பதே சரி.